வீட்டு ஸ்டுடியோவுக்கு பிளக்-இன், கன்ட்ரோலர்: காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கடைசியாக முடித்த இரண்டு மூன்று பாடல்களின் ப்ராஜெக்டைத் திறந்து வையுங்கள். எந்த வேலை அதிக நேரத்தை விழுங்கியது? பாடகரின் சுருதியைச் சரிசெய்ததா? கீபோர்டில் வாசித்த புல்லாங்குழல் உயிரில்லாமல் கேட்டதால் திரும்பத் திரும்ப வாசித்ததா? மவுஸைப் பிடித்துக்கொண்டு வரிக்கு வரி வால்யூம் கோடு வரைந்ததா? அடுத்து வாங்க வேண்டியது எது என்று சொல்ல இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

பிளக்-இன் (இசை மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கருவி) ஒரு கணக்கு, கன்ட்ரோலர் (அந்த மென்பொருளைக் கையால் இயக்கும் கீபோர்டு, ஃபேடர் பெட்டி) இன்னொரு கணக்கு என்று தனித்தனியாகப் பார்ப்பதால்தான் பல வீடுகளில் இரண்டுமே சும்மா கிடக்கின்றன. அருமையான வீணை சாம்பிள் லைப்ரரியை (நிஜ வாத்தியத்தைப் பதிந்த ஒலித் தொகுப்பு) வாங்கிவிட்டு, ஸ்வரத்தை வளைக்கும் ஒழுங்கான பெண்ட் வீல் இல்லாத கீபோர்டில் வாசித்தால் லைப்ரரிக்குக் கொடுத்த காசில் பாதி வீண். மாதத்துக்கு ஒரு குரல், ஒரு கரோக்கி டிராக் என்று மிக்ஸ் செய்பவருக்கு எட்டு ஃபேடர் (மேலும் கீழும் தள்ளும் ஒலியளவுக் கட்டை) உள்ள கன்ட்ரோலரில் ஏழு ஃபேடர் அலங்காரம். தினமும் கையால் எதை நகர்த்துவீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டால் பிளக்-இன், கன்ட்ரோலர் இரண்டின் பட்டியலும் தானாகச் சுருங்கிவிடும்.

ஃபார்மட்

பிளக்-இன் எந்த ஃபார்மட்டில் வருகிறது என்பது சின்ன விஷயம்தான். ஆனால் தவறினால் வாங்கியது திறக்கவே திறக்காது. விண்டோஸில் ரீப்பர், கியூபேஸ், எஃப்எல் ஸ்டுடியோ, ஏபிள்டன் போன்ற ரெக்கார்டிங் மென்பொருள் என்றால் விஎஸ்டி3 ஃபார்மட் பாருங்கள். மேக்கில் லாஜிக் என்றால் ஏயூ மட்டும்தான். புரோ டூல்ஸ் என்றால் ஏஏஎக்ஸ் மட்டும்தான். பழைய விஎஸ்டி2 பிளக்-இன்கள் இன்னும் பலரிடம் ஓடுகின்றன. புதிதாகக் காசு கொடுத்து அதை மட்டும் வாங்காதீர்கள். 2018-லேயே புதிய டெவலப்பர்களுக்கு விஎஸ்டி2 உரிமம் தருவதை, அதை உருவாக்கிய ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் நிறுத்திவிட்டது.

விண்டோஸில் விஎஸ்டி3 ஃபைல்கள் ‘ப்ரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளே ‘காமன் ஃபைல்ஸ்’, அதற்குள் ‘விஎஸ்டி3’ ஃபோல்டரில் போய் உட்காரும். இன்ஸ்டால் செய்தும் பட்டியலில் வரவில்லை என்றால் முதலில் அங்கே பார்த்துவிட்டு ரீ-ஸ்கேன் கொடுங்கள். ‘சி’ டிரைவில் இடமில்லை என்று இந்த ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றுவதுதான் பிளக்-இன் காணாமல் போக முக்கியக் காரணம். சாம்பிள்களை எங்கு வேண்டுமானாலும் மாற்றலாம், பிளக்-இன்னை மாற்றாதீர்கள்.

காசு இல்லாமலே எவ்வளவு தூரம் போகலாம்

ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு ஓட்டிப் பார்க்கலாம். அதன் பிறகு தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். அதோடு வரும் ஈக்யூ (அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரெஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்குவது) இரண்டும் பார்க்க அழகாக இருக்காது. வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. லாஜிக்கில் உள்ளவை அழகாகவும் இருக்கும். ஆகவே ஈக்யூவும் கம்ப்ரெஸரும் வாங்குவது பட்டியலின் கடைசியில் இருக்கட்டும்.

இலவசமாகக் கிடைப்பதில் தரமானவை: டைனமிக் ஈக்யூவுக்கு டிடிஆர் நோவா, பஸ் கம்ப்ரெஸருக்கு டிடிஆர் கோடெல்னிகாவ், அலைவரிசையைக் கண்ணால் பார்க்க வாக்ஸெங்கோ ஸ்பான், சத்த அளவுக்கு யூலீன் லவுட்னெஸ் மீட்டர், சின்த்துக்கு சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல். வல்ஹல்லா சூப்பர்மாசிவ் இலவசம் என்று எல்லாரும் இறக்கிக்கொள்கிறார்கள். நீண்ட, மிதக்கிற எதிரொலிக்கு அது பிரமாதம். பாடகர் ஒரு சபா ஹாலில் நின்று பாடுவது போன்ற இயல்பான ரிவெர்ப் அதில் வராது. முதல் காசை ஒரு நல்ல ஹால், பிளேட் ரிவெர்ப்பில் போடலாம். கேட்பவர் காதுக்கு உடனே தெரிகிற செலவு அதுதான்.

தமிழ்க் குரலுக்குத் தொடக்க அளவு வேண்டுமென்றால் இப்படி வையுங்கள். ஹை-பாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது) 80 முதல் 100 ஹெர்ட்ஸ். கம்ப்ரெஸர் 3:1, அட்டாக் (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 10 முதல் 15 மில்லி செகண்ட், ரிலீஸ் (விட எடுக்கும் நேரம்) 100 மில்லி செகண்ட் அளவில், ஊசி 4 முதல் 6 டெசிபல் வரை இறங்கும்படி த்ரெஷோல்ட் (அமுக்கம் தொடங்கும் சத்த அளவு). ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் காதைக் குத்தினால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் டீ-எஸ்ஸர். நோவாவின் ஒரு பேண்டே இதற்குப் போதும். ரிவெர்ப்பில் ப்ரீ-டிலே (எதிரொலி தொடங்கும் முன் விடும் இடைவெளி) 20 முதல் 40 மில்லி செகண்ட் வைத்தால் சொல் தெளிவாக முன்னால் நிற்கும், ஹால் பின்னால் போகும். மிருதங்கத்துக்கு இதே கம்ப்ரெஸரை அப்படியே போட்டால் வலந்தலையின் அடி மழுங்கிவிடும். அட்டாக்கை 25, 30 மில்லி செகண்டுக்குத் தள்ளி வையுங்கள். தொப்பியின் கும்கி வேண்டுமென்றால் ஹை-பாஸை 50 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் ஏறக்குறைய -14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தின் அலகு) அளவுக்குப் பாடலைச் சமன்செய்கின்றன. அதைவிட நசுக்கிச் சத்தமாக்கினால் அவர்கள் இறக்கிவிடுவார்கள். நசுங்கியது மட்டும் மிச்சம். ட்ரூ பீக்கை (ஒலி தொடும் உச்சம்) -1 டெசிபலில் நிறுத்துங்கள்.

சுருதித் திருத்தமும் கமகமும்

இங்கேதான் நம் ஊருக்கு வேறு கணக்கு. ஆட்டோ-டியூன் வகை பிளக்-இன்கள் ஒவ்வொரு கணமும் குரல் எந்த ஸ்வரத்துக்கு அருகில் இருக்கிறது என்று பார்த்து அங்கே இழுக்கும். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு இடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கும். ரீ-டியூன் வேகத்தை (எண் குறையக் குறைய வேகமாக இழுக்கும்) 0-வில் வைத்தால் அந்த ஆட்டத்தை பிளக்-இன் மூன்று தனித்தனி ஸ்வரங்களாக வெட்டிவிடும். படிக்கட்டில் உருண்ட மாதிரி கேட்கும். ராகத்தின் ஸ்வரங்களை மட்டும் ஸ்கேலில் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. மோகனத்துக்கு ஐந்து ஸ்வரம்தானே என்று மற்ற ஏழையும் அணைத்தால், போகிற வழியில் தொட்டுவிட்டுப் போகும் இடமெல்லாம் பக்கத்து ஸ்வரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

சினிமா மெட்டு, ராப், நேர் ஸ்வரங்களாகப் பாடும் கோரஸ் என்றால் ஆட்டோ-டியூன் போதும். வேகத்தை 40-க்கு மேல் வைத்து, நீண்டு நிற்கும் ஸ்வரங்களை மட்டும் பிடிக்க விடுங்கள். கமகம் உள்ள பாட்டுக்கு மெலோடைன் மாதிரி, பதிந்த பிறகு கையால் திருத்தும் கருவிதான் சரி. அதில் ஸ்வரத்தின் மையத்தை மட்டும் நகர்த்தலாம், ஆட்டம் அப்படியே இருக்கும். ஆனால் எந்த எடிஷன் என்று பாருங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸோடும் மென்பொருளோடும் இலவசமாக வரும் எசென்ஷியல் எடிஷனில் ஸ்வரத்தை நகர்த்தலாம். ஆட்டத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் மாடுலேஷன் கருவியும், மெல்ல விலகுவதைச் சரிசெய்யும் ட்ரிஃப்ட் கருவியும் கிடையாது. அவை அசிஸ்டென்ட் எடிஷனிலிருந்து தொடங்குகின்றன. கர்நாடக இசைக்காரருக்கு அந்த இரண்டுக்காகத்தான் மெலோடைனே தேவைப்படும். பல குரல் கலந்த ஆடியோவைப் பிரிக்கும் மேல் எடிஷன்களுக்கு வீட்டு ஸ்டுடியோவில் அவசியம் அபூர்வம்.

திருத்தும்போது மையத்தைச் சரிசெய்யும் ஸ்லைடரை 100-க்கு இழுக்காதீர்கள், ட்ரிஃப்ட் ஸ்லைடரை 0-விலேயே விடுங்கள். மெலோடைன் ஒரு முழு கமகத்தை ஒரே குமிழாகப் பிடித்தால் அப்படியே விட்டு காதால் கேளுங்கள். அதை மூன்றாக வெட்டித் திருத்தத் தொடங்கினால் அரை மணி நேரம் போகும், பாட்டும் போகும்.

இன்னொன்று, ஆதார சுருதி. ஒரு கட்டை சி, இரண்டு டி, நான்கு எஃப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப் என்று பிளக்-இன்னில் கீ வைத்துவிடுகிறோம். பாடகர் தன் தம்புராவை வைத்துப் பாடியிருந்தால் அது ஏ 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதிக் கணக்கோடு அச்சாகப் பொருந்த வேண்டும் என்பதில்லை. பத்து செண்ட் (ஒரு செண்ட் என்பது அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) விலகியிருந்தால் பிளக்-இன் சரியாக இருக்கும் ஸ்வரத்தையெல்லாம் தவறு என்று நினைத்து இழுக்கும். முதலில் தம்புரா டிராக்கின் ஷட்ஜத்தை ஒரு டியூனரில் அளந்து, எத்தனை செண்ட் விலகலோ அதையே பிளக்-இன்னின் ரெஃபரன்ஸ் அளவிலும் சாம்பிள் லைப்ரரியின் ஃபைன் டியூனிலும் போடுங்கள். ரெண்டு நிமிஷ வேலை. செய்யாவிட்டால் மிக்ஸ் முடியும்வரை ஏதோ ஒட்டாமலே இருக்கும், காரணம் பிடிபடாது.

சாம்பிள் லைப்ரரி

நம் வாத்தியங்களுக்குக் கையில் கிடைப்பவை குறைவு. ஸ்வார் சிஸ்டம்ஸின் ஸ்வார்பிளக், நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ‘இந்தியா’ தொகுப்பு ஆகியவை பரவலாகத் தெரிந்தவை. வாங்கும் முன் மூன்று கேள்வி: ஒற்றை அடிகள் தனியாக இருக்கின்றனவா, வெறும் லூப் மட்டுமா? லூப் என்றால் மிஸ்ர சாபு, கண்ட சாபு இருக்கிறதா, ஆதி தாளம் மட்டுமா? பெண்ட் ரேஞ்சை மாற்ற முடியுமா?

கான்டாக்ட் என்ற சாம்பிள் மென்பொருளில் ஓடும் லைப்ரரி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். சில லைப்ரரிகள் இலவச கான்டாக்ட் பிளேயரில் ஓடும். ‘முழு கான்டாக்ட் தேவை’ என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பவற்றை பிளேயரில் திறந்தால் 15 நிமிடத்தில் நின்றுவிடும். மலிவாகக் கிடைக்கும் லைப்ரரிகளில் பெரும்பாலானவை இந்த வகை. லைப்ரரி விலையோடு முழு கான்டாக்ட் விலையையும் கூட்டிப் பாருங்கள். 16 ஜிபி ரேம், சாம்பிளுக்கென்று தனி எஸ்எஸ்டி, இவை இருந்தால் நடுத்தர ஆர்க்கெஸ்ட்ரா ஓடும். பழைய ஹார்ட் டிஸ்கில் வைத்தால் வாசிக்கும்போது ஸ்வரங்கள் விடுபடும். பிளக்-இன்னைத் திட்டுவதில் பயனில்லை.

டெமோவில் சோதிப்பது

பிளக்-இன் டெமோவை நிறுவனத்தின் மாதிரி ஆடியோவில் கேட்டு முடிவெடுக்காதீர்கள். உங்கள் சொந்த, கொஞ்சம் சிக்கலான பதிவு ஒன்றை எடுங்கள். மின்விசிறிச் சத்தமும் தெருவிலிருந்து ஆட்டோ ஹாரனும் லேசாகக் கேட்கும் பதிவாக இருந்தால் இன்னும் நல்லது.

1. ஏற்கெனவே இருக்கும் பிளக்-இன்னிலும் புதியதிலும் ஒரே வேலையைச் செய்து இரண்டு டிராக்காக வையுங்கள்.
2. லவுட்னெஸ் மீட்டரில் இரண்டின் அளவையும் அரை டெசிபலுக்குள் சமப்படுத்துங்கள். சத்தமாக இருப்பது நன்றாக இருப்பதாகவே காதுக்குத் தோன்றும். பல பிளக்-இன்கள் போட்டவுடன் ஒன்றிரண்டு டெசிபல் கூட்டிவிடுவது இதற்காகத்தான்.
3. எது எது என்று தெரியாமல் வேறொருவரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் வாங்க வேண்டாம்.
4. பஃபரை (கணினி ஒரு தடவையில் கையாளும் சாம்பிள் எண்ணிக்கை) 128-ல் வைத்து அதே பிளக்-இன்னைப் பத்து டிராக்கில் போட்டு சிபியு மீட்டரைப் பாருங்கள். ஒரே டிராக்கில் வரிசையாகப் பத்து போட்டால் பெரும்பாலும் ஒரே கோரில் சுமை ஏறும். அதையும் தனியாகப் பாருங்கள்.
5. பிளக்-இன் எவ்வளவு தாமதம் சேர்க்கிறது என்று மென்பொருளே காட்டும். லீனியர்-ஃபேஸ் ஈக்யூவும் லுக்-அஹெட் லிமிட்டரும் இதில் மோசம். மிக்ஸுக்குப் பரவாயில்லை, ரெக்கார்டிங் நேரத்தில் மாஸ்டரில் இருக்கக் கூடாது.

தாமதக் கணக்கு எளிது. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் 2.7 மில்லி செகண்ட், 256 என்றால் 5.3, 512 என்றால் 10.7. இது ஒரு வழி மட்டும். உள்ளே, வெளியே இரண்டும் சேர்த்து, கன்வெர்ட்டர் தாமதமும் கூடும். மொத்தம் 10 மில்லி செகண்டைத் தாண்டினால் பாடகர் ஹெட்ஃபோனில் சங்கடப்படுவார். மிருதங்கக்காரர் அதற்கும் முன்பே முகம் சுளிப்பார். மெஷினுக்குச் சக்தி இல்லை என்றால் இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரிங்கில் நேர் குரலைக் கொடுத்துவிட்டு, மென்பொருளிலிருந்து 100 சதவீதம் வெட் ரிவெர்ப்பை மட்டும் அனுப்புங்கள். ரிவெர்ப் பத்து மில்லி செகண்ட் தாமதமாக வந்தால் அது ப்ரீ-டிலேதான், யாருக்கும் தெரியாது.

கீபோர்டு கன்ட்ரோலர்: முதலில் வீலைப் பாருங்கள்

கடையில் எல்லாரும் பேடைத் தட்டிப் பார்க்கிறார்கள், விளக்கு எரிவதைப் பார்க்கிறார்கள். கமகம் வாசிக்கப் போகிறவர் முதலில் தொட வேண்டியது இடது ஓரத்தில் இருக்கும் பிட்ச் பெண்ட்.

அகாய் எம்பிகே மினி எம்கே3-ல் வீலுக்குப் பதில் கட்டைவிரல் ஜாய்ஸ்டிக். ஆர்டூரியா மினிலேப் 3-ல் தொடு பட்டை. பீட் போடவும் பயணத்துக்கும் இரண்டும் நல்ல பொருள்கள். ஆனால் ஜாய்ஸ்டிக்கின் ஓட்டம் மிகக் குறைவு. அரை ஸ்வரத்தைத் துல்லியமாக நிறுத்துவது கடினம். பட்டையில் விரலை எடுத்த கணம் ஸ்வரம் மையத்துக்குத் தாவிவிடும். ஸ்பிரிங் வைத்த முழு வீல், நோவேஷன் லாஞ்ச்கீ 49, நெக்டார் இம்பாக்ட் எல்எக்ஸ்49+, எம்-ஆடியோ கீஸ்டேஷன் 61 போன்றவற்றில் இருக்கிறது.

வீல் இருந்தால் மட்டும் போதாது. மிடி (கீபோர்டும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் மொழி) தரத்தில் பெண்ட் 14 பிட்: -8192 முதல் +8191 வரை 16,384 படிகள். மலிவான சில வீல்கள் அதில் 128 படிகளை மட்டுமே உண்மையில் அனுப்புகின்றன. அதாவது ஒரு பக்கத்துக்கு 64 படி. பெண்ட் ரேஞ்ச் இரண்டு அரைஸ்வரம் என்றால் ஒரு படிக்கு 3 செண்ட்; காதுக்குத் தெரியாது. ஜாரு (ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது) வாசிக்க ரேஞ்சைப் பன்னிரண்டாக்கினால் அதே வீலில் ஒரு படிக்கு ஏறக்குறைய 19 செண்ட். வழுக்கிப் போக வேண்டிய ஸ்வரம் கட கடவென்று படியேறுவது அப்பட்டமாகக் கேட்கும்.

சோதிப்பது எளிது. லேப்டாப்பையும் சொந்த யூஎஸ்பி கேபிளையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அண்ணா சாலையின் மியூசி மியூசிக்கல் போன்ற பழைய கடையோ வேறு கடையோ, வாங்குகிற ஆள் என்று தெரிந்தால் இணைத்துப் பார்க்கக் கேட்பதில் தவறில்லை. மென்பொருளில் ரெக்கார்ட் போட்டு வீலை மிக மெதுவாக, ஐந்து செகண்டில் மையத்திலிருந்து மேல் முனைவரை தள்ளுங்கள். ஈவென்ட் லிஸ்டைத் திறந்து எண்களைப் பாருங்கள். 0, 128, 256, 384 என்று 128-ஆகத் தாவினால் அது 7 பிட் வீல். 0, 17, 41, 58 என்று ஒழுங்கில்லாமல் நெருக்கமாக ஏறினால் நல்லது. கூடவே மையத்தில் எவ்வளவு தூரம் அசைத்தும் எண் மாறாமல் இருக்கிறது என்று பாருங்கள். அந்தச் செத்த இடம் அகலமாக இருந்தால் கமகத்தின் தொடக்கம் எப்போதும் வெடுக்கென்று வரும். பழகிச் சரிசெய்ய முடியாத குறை அது.

பிறகு பிளக்-இன் பக்கம். பெரும்பாலான சின்த்துகளும் லைப்ரரிகளும் ரேஞ்ச் 2 என்று வரும். வழக்கமான கமகத்துக்கு அதுவே சரி. 3 வைத்தால் தோடி காந்தாரம், பைரவி எல்லாம் வீலின் நடுப்பகுதியிலேயே வந்துவிடும். பெரிய ஜாருவுக்கு வீலை நம்பாமல், லைப்ரரியில் லெகாட்டோ அல்லது போர்ட்டமென்டோ நேரத்தை வைத்து அடுத்த கீயை அழுத்துங்கள். ஒவ்வொரு விரலுக்கும் தனி பெண்ட் தரும் எம்பிஇ கன்ட்ரோலர்கள் கமகத்துக்கு மிகப் பொருத்தம். 2018-ல் மிடி தரத்தில் சேர்ந்த வசதி இது. ஆனால் லைப்ரரியும் எம்பிஇ புரிந்துகொள்ள வேண்டும். நம் வாத்திய லைப்ரரிகளில் அந்த வசதி இருக்கிறதா என்று டெமோவில் உறுதிசெய்யாமல் கன்ட்ரோலரை வாங்காதீர்கள்.

கீ எண்ணிக்கையில் அதிகம் குழம்ப வேண்டாம். 25 கீயில் ஆர்க்கெஸ்ட்ரா லைப்ரரி வாசித்தால் கீ-ஸ்விட்ச் (வாசிப்பு முறையை மாற்றும் கீ) எல்லாம் கீழ் ஆக்டேவில் இருப்பதால் ஆக்டேவ் பட்டனையே தட்டிக்கொண்டிருக்க வேண்டும். 49 நல்ல சமரசம். 61 ஏறக்குறைய ஒரு மீட்டர் மேசையை எடுத்துக்கொள்ளும். 88 எடைக் கீ, பியானோ கற்றவருக்கு மட்டும். ஸ்ட்ரிங்ஸ் வாசிப்பவர் வலது கையில் கீ, இடது கையில் சிசி 1 (மாடுலேஷன்), சிசி 11 (எக்ஸ்பிரஷன்) என்ற மிடி கட்டுப்பாடுகள் இரண்டையும் நகர்த்துவார். அதற்குக் கீபோர்டிலேயே இரண்டு ஃபேடராவது இருக்க வேண்டும். லாஞ்ச்கீ 49-ல் ஒன்பது இருக்கிறது, கீஸ்டேஷனில் ஒன்றுதான்.

சஸ்டெயின் பெடல் தலைகீழாக வேலை செய்தால், அதாவது மிதிக்காதபோது ஒலி நீண்டால், கெட்டுப்போகவில்லை, போலாரிட்டி மாறியிருக்கிறது. பெடலை மிதிக்காமல் செருகிவிட்டு அதன் பிறகு கீபோர்டை ஆன் செய்தால் பெரும்பாலும் சரியாகும். அடிப்புறம் போலாரிட்டி சுவிட்ச் உள்ள பெடலாக வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை.

ஃபேடர், நாப்

நாப் (திருகு குமிழ்) இரு வகை. இரு முனையில் நிற்பது ஒன்று, நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பது மற்றொன்று. முதல் வகையில் ஒரு பிளக்-இன்னிலிருந்து இன்னொன்றுக்கு மாறியதும் நாபின் நிலையும் திரையின் அளவும் வேறாக இருக்கும். தொட்டவுடன் ஈக்யூ தாவும். ‘பிக்-அப்’ மோடைப் போட்டால் நாப் அந்த இடத்தைக் கடக்கும்போதுதான் பிடிக்கும். பிளக்-இன்னை அடிக்கடி மாற்றித் திருகுபவர் இரண்டாவது வகையான, நிற்காமல் சுழலும் என்கோடரையே வாங்குங்கள்.

ஃபேடரிலும் இதே சிக்கல்தான். கோர்க் நானோகன்ட்ரோல் 2-ல் எட்டு சின்ன ஃபேடர். மலிவு, மோட்டார் இல்லை. சிசி அனுப்ப நல்ல பொருள், மிக்ஸ் ஆட்டோமேஷனுக்கு (நகர்த்தியதைப் பதிந்து திரும்ப ஓட்டுவது) இல்லை. குரலின் வால்யூமை வரிக்கு வரி கையால் ஓட்டுவதுதான் வேலை என்றால் ஒற்றை மோட்டார் ஃபேடர் போதும்: பிரிசோனஸ் ஃபேடர்போர்ட், பெஹ்ரிங்கர் எக்ஸ்-டச் ஒன். இரண்டிலும் 100 மில்லிமீட்டர் ஓட்டம். தொட்டால் எழுதும், விட்டால் பழைய கோட்டுக்குத் திரும்பும். மென்பொருளில் ‘டச்’ மோட் வைக்க வேண்டும். எட்டு மோட்டார் ஃபேடர், பின்னணி இசையில் நாற்பது ஐம்பது டிராக் ஓட்டுபவருக்கு.

இந்த மோட்டார் ஃபேடர்கள் மேக்கி கன்ட்ரோல் என்ற மொழியில் பேசும். ரீப்பரில் ப்ரிஃபரன்ஸஸ் திறந்து, கன்ட்ரோல் சர்ஃபேஸ் பகுதியில் ‘மேக்கி கன்ட்ரோல் யுனிவர்சல்’ சேர்த்து, மிடி இன்புட், அவுட்புட் இரண்டையும் கொடுங்கள். அவுட்புட் கொடுக்க மறந்தால் ஃபேடர் திரையை நகர்த்தும், திரை ஃபேடரை நகர்த்தாது. இன்னொரு விசித்திரம்: ஃபேடரை ஏற்றினால், ரெக்கார்டுக்குத் தயாராக (ஆர்ம்) வைத்த சின்த்தின் சுருதி ஏறும். மேக்கி மொழியில் ஃபேடர் நிலை பிட்ச் பெண்ட் செய்தியாகப் போகிறது. டிராக்கின் இன்புட் ‘எல்லா மிடியும்’ என்று இருந்தால் சின்த்தும் அதைக் கேட்கும். மிடி டிவைஸ் பட்டியலில் அந்தக் கன்ட்ரோலரின் இன்புட்டை அணைத்துவிடுங்கள். கன்ட்ரோல் சர்ஃபேஸாக அது தொடர்ந்து வேலை செய்யும். கன்ட்ரோலரின் சொந்த எடிட்டர் ஆப் பின்னணியில் திறந்திருந்தால் விண்டோஸில் பல டிரைவர்கள் மென்பொருளுக்கு போர்ட்டைத் தராது. அதை மூடிவிட்டுத் தொடங்குங்கள்.

யூஎஸ்பி, கரண்ட், கடல் காற்று

கன்ட்ரோலர் விளக்கு எரிகிறது, கணினி அடையாளம் காணவில்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்கள் வீடு முழுக்கக் கிடக்கின்றன. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேபிள் வாங்கினால் டேட்டா கேபிளா என்று கேட்டு, சதுர முனை வேண்டுமா சி முனையா என்று பார்த்து, இரண்டாக வாங்கி வையுங்கள். நடுவில் காணாமல் போய் திரும்ப வந்தால் விண்டோஸ் பவர் ஆப்ஷனில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். ஹப் வேண்டுமென்றால் சொந்த அடாப்டர் உள்ளதுதான். ஆடியோ இன்டர்ஃபேஸை ஹப்பில் போடாமல் நேரே செருகுங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் மோட்டார் ஃபேடர் பெட்டியில் அடாப்டர் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 120 என்று மட்டும் இருந்தால் நம் 230-ல் செருகிய கணமே முடிந்தது கதை. வாரன்டியும் பெரும்பாலும் இங்கே செல்லாது. தொடு உணர்வுள்ள ஃபேடர் கை வைக்காமலே நடுங்கினால் எர்த்தைச் சந்தேகியுங்கள். ஹம் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் குற்றவாளி சார்ஜர் வழி வரும் கிரவுண்ட் லூப். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போது ஸ்பீக்கர் ரீங்காரமிடும். கோடை மின்தடையிலும் ரெக்கார்டிங் நடக்கும் வீட்டுக்கு சைன் வேவ் இன்வெர்ட்டர் பிளக்-இன்னைவிட முக்கியமான செலவு.

பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கம் உப்புக் காற்று ஃபேடரையும் நாபையும் தின்னும். யாரும் தொடாமலே பிளக்-இன்னில் எண் துடிக்கும், ஆட்டோமேஷன் கோடு பல்லுப் பல்லாக விழும். கேபிளைக் கழற்றிவிட்டு ஃபேடரை முனைக்கு முனை முப்பது தடவை ஓட்டுங்கள். பாதி நேரம் அதிலேயே சரியாகும். இல்லையென்றால் ஃபேடருக்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி, காய்ந்த பிறகு ஆன். கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயைத் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸைக் கழுவிவிட்டுத் தூசியை ஒட்டவைக்கும். வேலை இல்லாத நேரம் துணி போட்டு மூடி வைப்பது போதுமான காவல். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை.

காசும் லைசென்ஸும்

பிளக்-இன்னின் அறிவித்த விலையை நம்பாதீர்கள். வருடத்தில் பாதி நாள் ஆஃபரில்தான் விற்கிறது. நவம்பர் கடைசியில் பிளாக் ஃப்ரைடேவில் இன்னும் இறங்கும். டாலர் விலையோடு 18 சதவீதம் ஜிஎஸ்டியும் கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும். மாதச் சந்தா வாங்குமுன் யோசியுங்கள்: 2021 அக்டோபரிலிருந்து ஆர்பிஐயின் தானியங்கிப் பணம் பிடித்தல் விதிகள் கடுமையானதால், வெளிநாட்டு நிறுவனச் சந்தாக்கள் நம் கார்டில் அடிக்கடி தடைபடுகின்றன. பணம் போகாத அன்று பிளக்-இன் திறக்காது. அது பெரும்பாலும் மிக்ஸ் கொடுக்க வேண்டிய நாளாக இருக்கும். வருடச் சந்தா அல்லது ஒரே தடவை வாங்கும் லைசென்ஸ் நிம்மதி.

வாங்கியதை மார்கழி சீசன் தொடங்கும் முன் இன்ஸ்டால் செய்து சோதித்துவிடுங்கள். டிசம்பர் நடுவில் ஓஎஸ் அப்டேட்டும் பிளக்-இன் அப்டேட்டும் தொடவே வேண்டாம். வேறு ஸ்டுடியோவுக்கு மிக்ஸ் கொடுப்பதாக இருந்தால் அவர்களிடம் உங்கள் பிளக்-இன் இருக்கும் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு டிராக்கையும் முதல் பாரிலிருந்தே, படத்துக்கு 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் வேவாக, எஃபெக்டோடு ஒன்று, எஃபெக்ட் இல்லாமல் ஒன்று என்று எடுத்துக் கொடுங்கள்.

ஐலாக் என்ற லைசென்ஸ் பூட்டைக் கேட்கும் பிளக்-இன் என்றால் லைசென்ஸை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். கிளவுடில் வைத்தால் நெட் அறுந்த கணம் நின்றுவிடும். கணினியில் வைத்தால் அந்தக் கணினியோடு கட்டப்படும். யூஎஸ்பி ஐலாக் தனியாகக் காசு, ஆனால் எந்த மெஷினுக்கும் கையில் எடுத்துப் போகலாம். கணினியில் வைத்திருந்தால், லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் ஐலாக் லைசென்ஸ் மேனேஜரில் ஒவ்வொன்றாக டீ-ஆக்டிவேட் செய்யுங்கள். மதர்போர்டு மாற்றினாலும் ஃபார்மட் செய்தாலும் அது புது மெஷின் கணக்கு. பழைய மெஷினில் மாட்டிய லைசென்ஸைத் திரும்பப் பெற நிறுவனத்துக்கு மெயில் எழுதிக் காத்திருக்க வேண்டும்.